நெருப்பில் எரியாத கண்ணாடி

சுவனத்தின் மீது ஆசையும் நரகத்தின் மீது அச்சமுமின்றி, இறைவனை அவனுக்காகவே நேசிக்க இயலுமா? பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 185-ல் (கி.பி. 801) மறைந்த ராபிஅத்துல் அதவிய்யா அம்மையார் (ரஹ்) இந்நேசத்தையே போதித்தார் என்பதை நம்மவர் நன்கறிவர். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், இத்தகைய நேசத்தை எழுதிய ஒரு கிறிஸ்தவப் பெண்மணி பாரிஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் பெயர் மார்கரீத் பொரேத்.

கன்னிமடத்தில் சேராமல், இறைவழிபாட்டில் ஈடுபட்டு வாழ்ந்த 'பெகீன்' என்னும் மாதர் கூட்டத்தைச் சேர்ந்தவராக அவர் குறிக்கப்படுகிறார். அறிஞர்களின் இலத்தீனில் எழுதாமல், மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியில் 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி' என்ற நூலை இயற்றினார். ஆன்மா ஏழு படிகளைக் கடந்து, தன் விருப்பத்தை முற்றும் அழித்து இறைநேசத்தில் கரைவதே அதன் பொருள். வலான்சியேன் நகரில் அந்நூலை அவர் கண்ணெதிரிலேயே எரிக்குமாறு ஆயர் ஆணையிட்டார். அம்மாது அடங்கினாரல்லர். 1308-ல் பாரிஸில் விசாரணையாளர் முன் நிறுத்தப்பட்டபோது சத்தியம் செய்யவும் பதிலுரைக்கவும் மறுத்தார். 1309-ல், நூலிலிருந்து பிரித்தெடுத்த வாக்கியங்களை 21 சமய அறிஞர்கள் ஆராய்ந்து, வழிகேடு என்றனர். 1310 ஜூன் 1-ஆம் நாள் தண்டனை நிறைவேறியது.

அதே 1309-ஆம் ஆண்டில், அரசர் பிலிப்பின் மைந்தருக்காக ழுவான்வீல் என்ற பிரபு ஒரு வரலாற்று நூலை முடித்தார். அதில், திமிஷ்கு நகர வீதியில் ஒரு கையில் நெருப்பும் மறுகையில் நீரும் ஏந்திச் சென்ற மூதாட்டியின் செய்தி உண்டு. சுவனத்தை எரித்து நரகத்தை அணைக்கவே செல்வதாக அவர் கூறினாராம். நம் ராபிஆ அம்மையாரைப் பற்றி வழங்கும் கதையே அது! அரண்மனைக்கு அழகிய கதையாகச் சென்ற கருத்து, அந்நகரிலேயே ஒரு மாதின் எழுத்தில் குற்றமாயிற்று.

குற்றம் யாது? நேசத்தில் அழிந்த ஆன்மா நற்குணங்களுக்கு விடை கொடுக்கிறது என்று அவர் எழுதியதே. தனித்துப் படித்தால் இச்சொல் அச்சுறுத்தும். ஆயின் நற்குணங்கள் அவ்வான்மாவைவிட்டு அகல்வதில்லை, அதற்குப் பணிந்து நடக்கின்றன என்றும் அந்நூலே விளக்குகிறது.

இதனை நம் ஸூஃபியாக்களின் 'ஃபனா'வோடு ஒன்றெனக் கூற நாம் துணியோம். எந்நிலையை எய்தினும் தொழுகையும் நோன்பும் நீங்கா என்பதே ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) போன்ற பெரியோரின் வழி. அச்சமும் ஆதரவும் ஈமானின் இரு சிறகுகள் என்பதும் நம் ஆலிம்களின் போதனை. எனினும் ஹிஜ்ரி 309-ல் பக்தாதில் மன்ஸூர் ஹல்லாஜ் கொல்லப்பட்டதை அறிந்த நாம், பிறர் செய்த கொடுமை என்று இதனை எளிதாகக் கடந்துவிட முடியாது. சொல்லைப் பிழையெனக் கண்டால் மறுத்துரைப்பது அறிஞர் கடமை. சொன்னவரின் உள்ளத்தை அளப்பதோ அல்லாஹ்வுக்கே உரியது.

அந்நூல் அழிந்ததா? இல்லை. ஆசிரியர் பெயரின்றி இலத்தீன், இத்தாலி, ஆங்கில மொழிகளில் பரவி, மடங்களிலே பக்தியோடு படிக்கப்பட்டது. 1946-ல்தான் ரொமானா குவார்னியேரி என்ற இத்தாலிய ஆய்வாளர், அது மார்கரீத்தின் நூலே என வெளிப்படுத்தினார். எழுதியவர் பெயரை அறியாதவரை அதனை நன்னூலெனப் போற்றியோர் பலர். பெயரைக் கேட்டபின் கருத்தை எடைபோடும் வழக்கம் நம்மிடமும் உண்டல்லவா? நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.