பின்சட்டக மறுவடிவமைப்பு (பிக்கப் வண்டி)

பின்சட்டக மறுவடிவமைப்பு என்பது, ஏர் சஸ்பென்சன் பொருத்தித் தரையை ஒட்டி இறக்கப்படும் பிக்கப் வண்டிகளில், பின் அச்சு மேலெழுவதற்கு இடம் கிடைக்குமாறு அடிச்சட்டகத்தின் பின்பகுதியை வெட்டி வேறு வடிவில் அமைக்கும் முறையாகும். இது அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில் பரவிய வண்டி மாற்றப் பழக்கத்தைச் சேர்ந்தது. தோற்றத்துக்காகச் செய்யப்படும் மாற்றமாயினும், சுமையைத் தாங்கும் உறுப்பையே வெட்டுவதால் இதன் வடிவமைப்பில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

வரலாறு

கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு, சக்கரங்கள் தவிர்ந்த எப்பகுதியும் சக்கர வளையத்தின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்குமாறு காரை மாற்றுவதை 1958 முதல் தடை செய்தது. 1950களின் இறுதியில் ரான் அகிர்ரே என்பவர் தமது கார்வெட் காரில் நீரியல் உருளைகளைப் பொருத்தி, வேண்டும்போது உயரத்தை மாற்ற வழி கண்டார். பின்னர் இதே பயனுக்கு அழுத்தக் காற்றும் பயன்படலாயிற்று. 1980களில் டொயோட்டா, நிசான், மாசுடா ஆகியவற்றின் சிறிய பிக்கப் வண்டிகளும் செவ்ரோலே எசு-10 வண்டியும் இவ்வாறு மாற்றப்பட்டன. மேற்கூறிய தடை 2024 சனவரி 1 முதல் நீக்கப்பட்டது.

மாற்றத்தின் தேவை

பிக்கப் வண்டியின் அடிச்சட்டகம் ஏணி வடிவானது. இரு நெடுஞ்சட்டங்களைக் குறுக்குச்சட்டங்கள் இணைக்கின்றன. நெடுஞ்சட்டங்கள் பின் அச்சுக்கு மேலாகச் செல்வதால், வண்டியை இறக்கும்போது அவை அச்சின் மீது மோதும். எடுத்துக்காட்டாக, 70 செ.மீ. விட்டமுள்ள டயரில் அச்சின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. உயரத்தில் இருக்கும். சட்டகம் தரையைத் தொட வேண்டுமாயின், அச்சின் மையம் சட்டகத்தின் அடிமட்டத்திலிருந்து அதே 35 செ.மீ. மேலே அமைய வேண்டும்.

வகைகள்

* அரைவட்ட வெட்டு: அச்சுக்கு நேர் மேலே நெடுஞ்சட்டத்தின் கீழ்ப்பகுதி வளைவாக வெட்டப்பட்டு, வளைந்த தகட்டால் வலுவூட்டப்படும். சிறிதளவு இறக்கத்துக்கு மட்டும் போதுமானது.
* படி வெட்டு: நெடுஞ்சட்டத்தின் ஒரு துண்டு நீக்கப்பட்டு, அவ்விடத்தில் பாலம் போன்ற உயர்ந்த பகுதி பற்றவைக்கப்படும்.
* முழுப் பின்சட்டகம்: ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள சட்டகம் முழுவதும் நீக்கப்பட்டு, செவ்வக எஃகுக் குழாய்களால் புதிதாக அமைக்கப்படும்.

வடிவமைப்புக் கூறுகள்

வலிமை: சரக்கின் எடையால் நெடுஞ்சட்டம் வளைய முற்படுகிறது. அதன் மேல், கீழ் விளிம்புகளே இவ்வளைவை முதன்மையாக எதிர்க்கின்றன. செவ்வக வெட்டுமுகத்தின் ஆழம் பாதியானால் வலிமை நான்கில் ஒரு பங்காகவும், விறைப்பு எட்டில் ஒரு பங்காகவும் குறையும். ஆகவே வெட்டிய விளிம்புக்கு ஈடாகத் தகடு பொருத்துவது இன்றியமையாதது. கூரிய மூலைகளில் தகைவு குவிந்து விரிசல் தோன்றுமாதலால் மூலைகள் வளைவாக அமைக்கப்படுகின்றன.

அச்சைப் பிடித்தல்: பட்டை வில் சுமையைத் தாங்குவதுடன் அச்சையும் இடத்தில் நிறுத்துகிறது. காற்றுப் பை சுமையை மட்டுமே தாங்கும். எனவே அச்சைப் பிடிக்க நான்கு இணைப்புத் தண்டுகள் பொருத்தப்படுகின்றன. அவை நான்கும் இணையாக இருந்தால், பக்கவாட்டு அசைவைத் தடுக்கப் பனார்டு தண்டும் தேவை. ஆனால் அத்தண்டின் முனை வட்டவில் பாதையில் நகரும். 80 செ.மீ. நீளமுள்ள தண்டு கிடைநிலையிலிருந்து 20 செ.மீ. உயர்ந்தால் அச்சு பக்கவாட்டில் ஏறத்தாழ 2.5 செ.மீ. விலகும். டயருக்கும் பக்கத் தகட்டுக்கும் இடைவெளி குறைவாயின் இவ்விலகலே உராய்வை உண்டாக்கும். இரு தண்டுகளைச் சாய்வாகப் பொருத்தும் முக்கோண அமைப்பில் பனார்டு தண்டு தேவையில்லை.

காற்றுப் பையின் இடம்: 200 ச.செ.மீ. பயனுறு பரப்புள்ள பை 5 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1 டன் எடையைத் தாங்கும். பையை அச்சின் மீது வைக்காமல் கீழ் இணைப்புத் தண்டின் நடுவில் வைத்தால், பை நகரும் தொலைவைப் போல் இரு மடங்கு சக்கரம் நகரும். ஆனால் பை தாங்க வேண்டிய விசையும் இரு மடங்காகும்.

இயக்குதண்டு: அச்சு உயரும்போது இயக்குதண்டும் உயரும். குறுக்குச்சட்டங்களிலும் சரக்குத் தளத்திலும் அதற்கு இடம் விட வேண்டும். உயர்ந்த சட்டகத்துக்காகத் தளத்தை வெட்டுவதால் சரக்கு ஏற்றும் இடம் குறைகிறது.

பாதுகாப்பு

ஓடும்போது காற்றுப் பை வெடித்தால் வண்டி உடனே கீழே இறங்கும். ஆகவே, அந்நிலையிலும் அச்சு சட்டகத்தில் மோதாதவாறு ரப்பர்த் தடுப்புகள் பொருத்தப்படுகின்றன. டயரிலும் காற்று இறங்கினால் எரிபொருள் தொட்டி, தடைக் குழாய்கள் முதலியன சாலையில் உரசாதிருக்க, அவை சக்கர வளையங்களின் அடிமட்டத்தை இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையாகக் கொண்டதும் இம்மட்டமே. சட்டம் நீங்கிய பின்னரும், பாதுகாப்பான வடிவமைப்புக்கு இக்கோடே அளவுகோலாக விளங்குகிறது.

இவற்றையும் பார்க்க

* அடிச்சட்டகம்
* ஏர் சஸ்பென்சன்
* லோரைடர்