இராமானுஜனின் சிலேட்டுப் பலகை

"புதுசா யோசிக்கிறதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார்" என்று சொல்லும் மாணவரா நீங்கள்? கணிதமேதை இராமானுஜனைப் பாருங்கள்.

1903-இல், கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கமோ மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவப் பார்த்தார். அப்படிப் போடப் போடத்தான் புதிய சூத்திரங்களும் பிறந்தன. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். கல்லூரித் தேர்வில் தோற்றபோதும் விடவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது 1913-இல்தான்.

பிறவித் திறன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், இடைப்பட்ட பத்து ஆண்டு உழைப்பு இல்லாமல் அந்தக் கடிதம் ஏது?

ஆசிரியர்களே, மேதையின் கதையைச் சொல்லும்போது சிலேட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.