காரங்காட்டுக் கரையின் சேமிப்புக் கணக்கு

பாக் விரிகுடா ஓரம், அலையாத்திக் காடு சூழ்ந்த காரங்காட்டில் வருமானம் என்றைக்குமே மாதச் சம்பளம் போல வந்ததில்லை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், வலை காயும். அந்த மாதங்களை வட்டிக்கடன் கொண்டே கடப்பதுதான் நெடுங்கால வழக்கம். வலைக்கும் படகுக்கும் முன்பணம் தந்த வியாபாரியிடமே, அவர் சொல்லும் விலைக்கு நண்டையும் இறாலையும் கொடுக்க வேண்டும். மீன்வரத்து நன்றாக இருந்த நாளிலும் லாபம் கரையில் தங்கவில்லை. இந்தச் சுழலை உடைக்கவே சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் வந்தது. மீன் கிடைக்கும் மாதங்களில் மீனவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டுகிறார்; மத்திய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்க்கின்றன; மீன் குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் திரும்புகிறது.

நிலையற்ற வருமானத்தில் சேமிப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நெருக்கடி வரும் மாதம் இங்கே முன்பே தெரியும். தெரிந்த நெருக்கடிக்குச் சிறுதொகை ஒதுக்குவது முடியாத காரியமல்ல. 4,500 எந்த மூலைக்கு என்பார்கள். குடும்பச் செலவுக்கு அது போதாது, உண்மைதான். ஆனால் அரிசிக்காகக் கந்துவட்டி வாங்கும் முதல் வாரத்தை அது தள்ளிப்போடும். கடன்பட்டவர் படகையோ நகையையோ அடிமாட்டு விலைக்கு விற்பது இத்தகைய நெருக்கடியில்தான். சந்தை சரியும்போது பதறி முதலீட்டை விற்கும் நகரத்துக் குடும்பத்துக்கும் தேவை இதே கையிருப்புதான். மழை மாதங்களைத் தவிர, வருமானம் நிற்கும் இன்னொரு காலமும் கரைக்கு உண்டு: 2017 முதல் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்டிருக்கிறது. சேமிப்புத் தொகையும் அதற்கேற்ப உயர வேண்டும்.