நாழியும் லிட்டரும்

பொள்ளாச்சிக்கு மேற்கே மாநில எல்லையைக் கடந்ததும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் தொடங்குகிறது. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களில் இன்றும் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ் கேட்கிறது. தெற்கே ஆனைமலையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள்; அங்கே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்மக்கள் பல்லாயிரவர். இவ்வெல்லைப்புறத்துப் பிள்ளைகள் பலர் கேரள அரசின் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியிலேயே கற்கின்றனர். அவர்களுடைய அறிவியல் வகுப்பில் ஒரு கண்ணாடி அளவு ஜாடி இருக்கும். அதில் நீரை ஊற்றி, ‘இது இத்தனை மில்லிலிட்டர்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். மிக எளிய செயல்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லை எல்லையின் இருபுறத்தாரும் ஐயமின்றி ஏற்கும் நிலை வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

நம் முன்னோர் வகுத்த முகத்தலளவை வாய்பாடு பலருக்கும் நினைவிருக்கலாம். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. இதற்கு அடிப்படையாக அவர்கள் கொண்டது நெல்மணி. 360 நெல் 1 செவிடு, 5 செவிடு 1 ஆழாக்கு என்று கணக்கிட்டால், ஒரு நாழிக்கு 14,400 நெல் ஆகிறது. நெல்லை எண்ணிச் சரிபார்த்த அதே நாழியால் எண்ணெய், நெய், பால் ஆகியவற்றையும் அளந்தனர். நாழி என்னும் சொல்லுக்கு உட்டுளையுள்ள குழல் என்ற பொருளும் உண்டு. மூங்கிலின் ஒரு கணுவை அறுத்தெடுத்தால் இயற்கையாகவே அடிமூடிய ஓர் அளவுப் பாத்திரம் கிடைத்துவிடுகிறது அன்றோ?

அளவைப் பொதுநம்பிக்கையின் பொருட்டு அரசு காத்த செய்திக்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். எந்த உழக்கு என்ற கேள்விக்கும் அங்கே விடை உண்டு: ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கோயில் மரக்காலைக் கொண்டு அளக்கவேண்டும். ஆண்டொன்றுக்குக் கணக்கிட்டால் 365 உழக்கு, அதாவது 91 நாழியும் 1 உழக்கும். அளவுப் பாத்திரம் பத்தில் ஒரு பங்கு சிறுத்தால் ஆண்டுக்கு 9 நாழிக்கு மேல் கோயிலுக்கு இழப்பு. அதே அளவு பெருத்தாலோ, இழப்பு இடையர் வீட்டுக்கு. கல்லில் பொறித்து வைத்ததன் பயன் இருதரப்பாருக்கும் உரியது.

இப்படிப் பெயரிட்டுக் காத்த அளவைகள் அரசுகள் மாறமாற இடத்துக்கு இடம் வேறுபட்டன. படி என்றாலும் நாழி என்றாலும் ஊருக்கு ஓர் அளவு என்றாயிற்று. வாங்குவதற்கு ஒரு படி, கொடுப்பதற்கு ஒரு படி வைத்திருப்போர் மீது எழுந்த குறையும் நம் நாட்டில் பழையதே. எல்லைப்புறத்தில் இக்குழப்பம் இரட்டித்தது. மலையாள நாட்டு வாய்பாட்டில் 4 நாழி 1 இடங்கழி. 10 இடங்கழி 1 பறை. அங்குள்ள இடங்கழியே நம் படிக்கு அண்மையது. எனவே அவர்களுடைய நாழி, பெயரால் நாழியாயினும் கொள்ளளவால் நம் உழக்கை ஒட்டியது. ஒரே சொல், ஏறத்தாழ நான்கு மடங்கு வேற்றுமை!

மொழிபெயர்ப்பைப் பணியாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களே மிகுந்த தொல்லை தருவன. தமிழிலும் மலையாளத்திலும் நாழி நாழியேதான். பெயர்த்தெழுத வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றும். அந்த இடத்திலேதான் பிழை நேர்கிறது. சொல் மாறாமல் எல்லையைக் கடந்துவிட, பொருள் பின்தங்கிவிடுகிறது. ஏட்டில் நேரும் பிழையைத் திருத்திவிடலாம். சந்தையில் நேர்ந்தால் ஓர் ஏழையின் எண்ணெய்க் கலயம் குறையும்.

அந்நாளில் இப்பகுதி ஒரே ஆட்சியின் கீழும் இருக்கவில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. பால் விற்பவரோ எண்ணெய் வாங்குபவரோ சில மைல் நடந்தாலே வேறோர் ஆட்சியின் வழக்குக்குள் புகவேண்டியிருந்தது.

இந்தியா முழுமைக்கும் ஒரே அளவை வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. மேயோ பிரபு அரசப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1871ஆம் ஆண்டு, அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிரெஞ்சு நாட்டுக் கிலோகிராமுக்குச் சமமான எடைக்குச் ‘சேர்’ என்று பெயரிட்டு, ஒரு சேர் நீர் கொள்ளும் பாத்திரமே முகத்தலளவைக்கு அடிப்படை என்று அச்சட்டம் கூறியது. சட்டம் ஏட்டில் நின்றது, நடைமுறைக்கு வரவில்லை.

விடுதலைக்குப் பின் இருபெரும் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மேற்கூறிய வட்டங்கள் மூன்றும் பாலக்காடும் கேரளத்தில் அடங்கின. அவ்வாண்டு டிசம்பரிலேயே எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. ஆட்சிக்காக எல்லைக்கோடு வரையப்பட்ட அதே காலத்தில், அளவுக்காக அக்கோட்டை அழிக்கும் முயற்சியும் தொடங்கிற்று. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழங்கத் தொடங்கின. 1962 ஏப்ரலோடு பழைய அளவைகள் சட்டப்படியான வாணிபத்திலிருந்து விலக்கப்பட்டன. அதன்பின் கொழிஞ்சாம்பாறைக் கடையிலும் பொள்ளாச்சிக் கடையிலும் லிட்டர் ஒன்றே.

அந்த லிட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1795 ஏப்ரல் 7ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம், பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரத்தின் கொள்ளளவை லிட்டர் என வகுத்தது. அவ்வளவு நீரின் எடையே கிலோகிராம் என்பது கருத்து. ஆனால் எடைக்கல்லைச் செய்தபோது மிக நுண்ணிய வேறுபாடு நேர்ந்துவிட்டது. 1901ஆம் ஆண்டில் அனைத்துநாட்டு அளவை மாநாடு, ஒரு கிலோகிராம் தூயநீர் தன் பெரும அடர்த்தியில் கொள்ளும் இடமே லிட்டர் என்று வரையறுத்தது. அதன்படி ஒரு லிட்டர் 1000 கன சென்டிமீட்டருக்குப் பதில் 1000.028 கன சென்டிமீட்டர் ஆயிற்று. வேறுபாடு அரைத்துளிக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. அதையும் உலகத்து அறிஞர்கள் பொறுக்கவில்லை. 1964இல் கூடிய மாநாடு அவ்வரையறையை நீக்கி, லிட்டரைப் பழையபடி கனசதுரத்துக்கே உரியதாக்கியது. இன்று மில்லிலிட்டரும் கன சென்டிமீட்டரும் ஒன்றே.

இனி வகுப்பறைக்கு வருவோம். அளவு ஜாடியில் நீர் ஊற்றினால் அதன் மேற்பரப்பு கண்ணாடியை ஒட்டிச் சற்றே ஏறி, நடுவில் பிறைபோல் குழிந்து நிற்கும். அக்குழிவின் அடிப்பகுதியே அளவு. பாதரசமாயின் நடுப்பகுதி மேலெழுந்து நிற்கும். அங்கே உச்சியைக் கொள்ளவேண்டும். கண் அந்த மட்டத்திற்கு நேராக இருத்தல் வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு உள்ளதைவிட மிகுதியாகவும், கீழிருந்து பார்ப்பவருக்குக் குறைவாகவும் தோன்றும். இதனை இடமாறு தோற்றப் பிழை என்பர்.

பாத்திரத்தின் வடிவமும் கருதத்தக்கது. 10 சென்டிமீட்டர் அகன்ற வாயுள்ள படியில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஏறக்குறைய 8 மில்லிலிட்டர் பிழை நேரும். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயில் அதே தவறு நேர்ந்தால் பிழை நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நுண்ணிய அளவுக்குரிய கருவிகளான பியூரெட்டும் பிப்பெட்டும் மெல்லிய குழாய்களாக இருப்பதன் காரணம் இதுவே. மூங்கில் நாழி நெடிய குழலாக இருந்ததும் இவ்வகையில் நன்மையாகவே அமைந்தது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. மூணாற்றின் குளிர்காலையில், 15 பாகை செல்சியசில் சரியாக ஒரு லிட்டர் நீரை அளந்து, பாலக்காட்டின் கோடைவெயிலில் 35 பாகைக்கு வரவிட்டால், அது ஏறத்தாழ 1005 மில்லிலிட்டராகப் பெருகியிருக்கும். நீர் கூடவில்லை, விரிந்தது. தரமான கண்ணாடிக் கருவிகளின் மேல் 20 அல்லது 27 பாகை என்று குறித்திருப்பதற்கு இதுவே காரணம். வெப்பநாடாகிய நமக்கு 27 பொருந்துவது.

இத்துணை நுட்பம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கும் அவ்வெல்லைப்புறமே விடை தருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டம் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29ஆம் நாள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி ஜூலை முதல் அடுத்த ஜூன் வரையிலான ஓராண்டில், மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் புழையாற்றில் கேரளத்திற்குக் கிடைக்கவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கன அடி. ஒரு கன அடி சற்றேறக்குறைய 28.3 லிட்டர். ஆகவே 7.25 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 20,530 கோடி லிட்டர். முன்பு நாம் கண்ட அரைத்துளி வேறுபாட்டை ஒவ்வொரு லிட்டருக்கும் சேர்த்துப் பாருங்கள்; 57 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது!

ஆற்றை ஜாடியில் ஊற்றி அளக்க முடியாது. அணைக்கட்டின் மேல் வழியும் நீரின் உயரத்தை அளவுகோலில் பார்த்து, அதிலிருந்து நொடிக்கு எவ்வளவு செல்கிறது என்று கணக்கிட்டு, காலத்தால் பெருக்குகின்றனர். அங்கும் ஒரு மட்டம்; அதனை நேர்நின்று படிக்கவேண்டிய ஒரு கண். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த எண்ணை நம்பியே இருபுறத்து உழவரும் காத்திருக்கின்றனர். இருக்கும் நீர் போதாது என்ற மனக்குறை எழுவது இயல்பு. ஆனால் வந்த நீர் எவ்வளவு என்பதிலேயே ஐயம் எழுந்தால், பேச்சு தொடங்குவதற்கே இடமில்லாது போகும். அளவு ஒத்துக்கொள்ளப்பட்ட பிறகே நியாயம் பேச முடியும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. தில்லியிலோ மும்பையிலோ பால் வாங்கும்போது மொழி தடுமாறலாம், லிட்டர் தடுமாறுவதில்லை. ஊரில் பாட்டி வைத்திருந்த பித்தளை உழக்கு இன்னும் சிலர் வீட்டில் இருக்கலாம். விடுமுறை நாளில் அதை எடுத்து, விளிம்புவரை நீர் நிரப்பி, அந்நீரை ஓர் அளவு ஜாடியில் ஊற்றி, பிள்ளைகளையே படித்துச் சொல்லச் செய்யுங்கள். ஒருவர் வீட்டு உழக்கும் அடுத்தவர் வீட்டு உழக்கும் ஒத்திருக்குமா என்பது ஐயமே. அவ்வேற்றுமையைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காணட்டும். ஜாடியின் கோட்டுக்கு நேரே கண்ணை வைக்கவேண்டியது ஏன் என்பதை அதன்பின் ஆசிரியர் ஒருமுறை சொன்னாலே அவர்களுக்குப் போதும்.