மாற்றுப் பணி மறுப்பு (பிரித்தானியா)

ஆட்குறைப்பால் வேலை இழக்கவிருக்கும் ஊழியர், அதே நிறுவனம் தர முன்வரும் வேறு வேலையை ஏற்க மறுப்பது மாற்றுப் பணி மறுப்பு எனப்படும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டம் இதை நெறிப்படுத்துகிறது. தொடர்ந்து 2 ஆண்டுகள் பணியாற்றியவருக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. பொருத்தமான வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் அது கிடைக்காது.

பழைய பணி முடியுமுன் புதிய வேலையைத் தர முன்வர வேண்டும். பணி முடிந்த 4 வாரங்களுக்குள் அது தொடங்க வேண்டும்.

வேலை பொருத்தமானதா என்பது சம்பளம், பதவி, வேலை நேரம், இடம், தேவைப்படும் திறன் ஆகியவற்றைக் கொண்டு முடிவாகிறது. மறுப்பு நியாயமானதா என்பதை அந்த ஊழியரின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். உடல்நலம், பிள்ளை வளர்ப்பு, பயணத் தொலைவு ஆகியவை இதில் அடங்கும். வேலை பொருத்தமானது, மறுப்பு நியாயமற்றது என்ற இரண்டையும் நிறுவும் பொறுப்பு முதலாளியுடையது. எடுத்துக்காட்டாக, தலைமையாசிரியர் ஒருவருக்கு அதே சம்பளத்தில், பள்ளி பள்ளியாக அனுப்பப்படும் ஆசிரியர் பணி தரப்பட்டது. மதிப்புக் குறைவால் அது பொருத்தமற்றது என 1969இல் தீர்ப்பானது.

பணி நிபந்தனைகள் மாறினால் 4 வாரச் சோதனைக்காலம் உண்டு. பயிற்சிக்காக எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் அதை நீட்டிக்கலாம். அதற்குள் தக்க காரணத்துடன் விலகினால் இழப்பீட்டு உரிமை போகாது. இழப்பீடு மறுக்கப்பட்டால் பொதுவாக 6 மாதங்களுக்குள் தொழில் தீர்ப்பாயத்தை நாட வேண்டும்.