லாடத்தில் இல்லாத முனை

ஒரு விஷயத்தில் கரைகண்டவரைப் பிரெஞ்சில் 'ஃபெர்ரே அ கிளாஸ்' என்பார்கள். 'பனிக்கட்டிக்கு ஏற்ற லாடம் அடிக்கப்பட்டவர்' என்று பொருள். புதுச்சேரி வெயிலில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது மனப்பாடம் செய்த ஒரு சொல், அவ்வளவுதான். அந்த லாடம் இல்லாமல் ஒரு பெரும்படை பட்ட பாட்டைப் பிற்பாடுதான் படித்தேன்.

1812 ஜூன் 24 அன்று நெப்போலியனின் படை நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் நுழைந்தது. ஜார் மன்னர் சமாதானத்துக்கு வருவார் என்று ஐந்து வாரம் காத்திருந்தார் நெப்போலியன். அவர் வரவில்லை. அக்டோபர் 19 அன்று படை திரும்பியது. நவம்பர் முதல் வாரத்தில் பனி கொட்டத் தொடங்கியது.

பேரரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பாளர் கொலேங்கூர். 1807 முதல் 1811 வரை ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். அந்த ஊர்க் குளிர்காலம் அவருக்குத் தெரியும். அரண்மனைக் குதிரைகளுக்கு முன்கூட்டியே கூர்முனை வைத்த லாடம் அடிக்க ஏற்பாடு செய்துவிட்டார். படையின் மற்ற குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண லாடம்தான்.

நம் ஊர் மாட்டு லாடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வழவழப்பான இரும்பு மண்ணில் பிடிக்கும், பனிக்கட்டியில் வழுக்கும். மேட்டில் ஏறக் குதிரைக்குக் கால் ஊன்றவில்லை. இறக்கத்திலோ பின்னால் வரும் பீரங்கியின் பாரத்தைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. வண்டியே குதிரையைத் தள்ளிக்கொண்டு போனது. விழுந்த குதிரைகள் பல எழவே இல்லை. பீரங்கிகளையும் உணவு வண்டிகளையும், காயம்பட்டவர்களையும்கூட, வழியில் விட்டுப் போனார்கள். குளிரைவிட லாடமே பெரிய கேடு செய்தது என்பது கொலேங்கூரின் கருத்து. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1933இல்தான் அச்சில் வந்தன.

டிசம்பர் 10 அன்று வில்னா நகரை அடுத்த பொனாரி மேட்டில் மிச்சமிருந்த வண்டிகளும் நின்றுவிட்டன. அது பெரிய மலை ஒன்றுமில்லை. ஆனால் உறைந்துபோன அந்த ஏற்றத்தில் கஜானா வண்டிகள்கூட ஏறவில்லை. பட்டினி கிடந்த சிப்பாய்கள் தங்கக் காசுகளை அள்ளினார்கள்.

பசியும் நோயும் போரும் சேர்ந்துதான் அந்தப் படையை அழித்தன. ஆனாலும் வண்டி நகர்ந்திருந்தால் உணவாவது கூட வந்திருக்கும்.

இப்போது பிரான்சின் மலைப்பகுதி ஊர்கள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காருக்குக் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். 2021இல் வந்த விதி. அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் சொல்லிவையுங்கள்: இறக்கம் வருமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், பிரேக்கை மெல்ல மிதிக்க வேண்டும். வழுக்கத் தொடங்கிய பிறகு லாடம் அடிக்க முடியாது.