காத்திருக்கும் வசதி: முதல் தலைமுறை வழக்கறிஞரும் தொழில் விதிகளும்

வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான கட்டணம், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125. மாநில பார் கவுன்சில்கள் பல தலைப்புகளில் இதற்கு மேல் பல ஆயிரங்களை வசூலித்து வந்தன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் அந்த வசூல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. குடும்பத்தில் யாரும் கறுப்பு அங்கி அணிந்திராத ஒருவருக்குச் செலவு தொடங்குவதே பதிவுக்குப் பிறகுதான்.

அவரைப் பின்தள்ளுவது எது என்று கேட்டால் ஆங்கிலம், அறிமுகம், தன்னம்பிக்கை என்று பட்டியல் நீளும். காத்திருக்க வசதி இல்லாமையே இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த வசதியைச் சொந்த முயற்சியில் தேடிக்கொள்ளும் வழிகளை, எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட தொழில் விதிகளே அடைத்துவிடுகின்றன.

முதல் சில ஆண்டுகளில் ஒரு ஜூனியர் என்ன செய்கிறார்? அன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டைப் பார்த்து வழக்குக் கட்டுகளை எடுத்து வைக்கிறார். சீனியர் வேறொரு கோர்ட்டில் இருந்தால் எழுந்து நின்று, வழக்கைச் சற்றுப் பின்னர் அழைக்குமாறு ‘பாஸ் ஓவர்’ கேட்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். இவற்றைவிட அதிக நேரத்தை விழுங்குவது ‘ரிட்டர்ன்’. தாக்கல் செய்த மனு எண் பெறுவதற்குள் பதிவகத்திலிருந்து இரண்டு மூன்று முறைகூடத் திரும்பி வரலாம்: பக்க எண் விடுபட்டிருக்கும், பிரமாணப் பத்திரத்தில் அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இருக்காது, கோர்ட் ஃபீஸ் குறையும், வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்ப் இருக்காது. சட்டக் கல்லூரி இதையெல்லாம் சொல்லித்தருவதில்லை. சீனியரின் குமாஸ்தாதான் சொல்லித்தருகிறார். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அவர் சிறுவயதிலிருந்தே ‘அண்ணன்’. மற்றவர் அவருடைய நல்லெண்ணத்தை முதலில் சம்பாதிக்க வேண்டும். (சென்னையில் வக்கீல் அலுவலகங்கள் நிறைந்த தம்பு செட்டித் தெருவின் குமாஸ்தாக்களுக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தாலும் தகும்.)

இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது பெரும்பாலும் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். மாலையில் வேறு வேலை பார்க்கலாமே என்றால், இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது முழுநேரச் சம்பள வேலையைத் தடுக்கிறது. பகுதிநேர வேலைக்கும், விதிகளே அனுமதிக்கும் சில பணிகள் தவிர, பார் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். சரி, கட்சிக்காரரைத் தானே தேடலாம் என்றால் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடை செய்கிறது. 2008இல் செய்த திருத்தம் இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களுக்கு மட்டும் இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் வழக்கறிஞர்களை விளம்பரப்படுத்தும் இணையத் தளங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்காடுவது வியாபாரமல்ல என்ற அதன் அடிப்படையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தாத்தா காலத்துப் பெயர்ப்பலகை விளம்பரக் கணக்கில் வருவதில்லை. தந்தையின் கட்சிக்காரர்கள் மகனிடமே தொடர்வதும் அப்படித்தான். வக்கீல் வீட்டு வாரிசுக்கும் முதல் தலைமுறைக்காரருக்கும் ஒரே தடை. அது கடிப்பது பின்னவரைத்தான்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் செய்யுமாறு மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் இதே அளவுத் தொகைகளைப் பரிந்துரையாகவே அறிவித்தது. கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்ற சீனியர்களின் எதிர்க்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு தாலுகா முன்சீப் கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா சில நூறு வாங்கும் சீனியர் 15,000 ரூபாய்க்கு எங்கே போவார்? ஜூனியரே வேண்டாம் என்றுதான் சொல்வார். சுமையைத் தனி சீனியரின் தலையில் வைக்கும் எந்தத் திட்டமும், கதவு ஏற்கெனவே குறுகலாக இருக்கும் இடத்தில் அதை அடைத்தே விடும்.

அரசின் பங்கு? முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழ் தந்து தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகையும் தரும் மாநிலம் தமிழ்நாடு. பட்டம் கையில் வந்ததும் அந்த வகைப்பாடு மறைந்துவிடுகிறது. 2020இல் இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் என்ற திட்டம் வந்தது. சென்னையில் ஒரு மேன்ஷன் அறையின் வாடகைக்கே அது பற்றாது.

இதற்கிடையில் 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்காடும் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதியாகக்கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் இதன் விலையும் அதே ஆளின் தலையில்தான் விழுகிறது. படித்து முடித்ததும் தேர்வெழுதிச் சம்பளத்துக்குப் போகும் வழி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓர் ஏணியாக இருந்தது. இனி மூன்றாண்டு வருமானமின்மையைத் தாங்க வேண்டும். அனுபவத்துக்குச் சான்றாக முதன்மை நீதித்துறை அலுவலரின் சான்றிதழோ, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து அந்த அலுவலர் மேலொப்பமிட்ட சான்றிதழோ காட்ட வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்த பிறகு எத்தனை பெண்களுக்கு அந்த மூன்றாண்டு கிடைக்கும்?

இளையவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது அல்ல. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022ஆம் ஆண்டு சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டத்தில், மூன்றாண்டுக்குட்பட்ட அனுபவமுள்ளவர்களும் உதவி நிலையில் மாத ஊதியத்துக்குச் சேரலாம். ஆனால் அது குற்றவியல் வழக்குகளோடு முடிகிறது. சேர்ந்தவர் தனி வழக்கும் எடுக்க முடியாது.

பணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு தமிழ்நாடு வழக்கறிஞர் நல நிதிச் சட்டத்தின் கீழ், வக்காலத்துகளில் ஒட்டும் ஸ்டாம்ப் வழியாக நிதி சேர்கிறது. ஜூனியர் ஓடி ஓடித் தாக்கல் செய்யும் வக்காலத்தும் அதில் சேர்த்தி. இந்த நிதி முதன்மையாகக் கைகொடுப்பது வழக்கறிஞர் இறந்த பிறகும் தொழிலை விட்ட பிறகும்தான். ஸ்டாம்பின் மதிப்பைச் சற்று உயர்த்தி, கூடுதலாக வரும் தொகையை மட்டும் பதிவான முதல் மூன்றாண்டுக்கு ஒதுக்கச் சட்டத்தைத் திருத்தலாம். அப்படிச் செய்தால் முன்சீப் கோர்ட் சீனியர் தன் பையிலிருந்து தர வேண்டாம். வழக்கு மிகுந்த பெரிய அலுவலகங்கள் அதிகம் செலுத்தும். மூத்தவர்களின் குடும்பத்துக்கான தொகை குறைந்துவிடும் என்ற அச்சம் எழும். கூடுதல் வரவைத் தனிக் கணக்கில் வைத்தால் அதற்கும் இடமில்லை. சுமை கட்சிக்காரரின் மேல் விழும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஆகவே ஜீவனாம்சம், தொழிலாளர் இழப்பீடு போன்ற வழக்குகளுக்கு இந்த உயர்விலிருந்து விலக்கு தர வேண்டும்.